மணலில் பாடம் கண்ட ஆண்ட்ரூ பெல்

குழந்தைகளே, சாத்தான்குளம் பக்கம் போயிருக்கிறீர்களா? இப்போது அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தாமிரபரணி பாயும் பச்சை வயல்களைத் தாண்டித் தெற்கே போகப் போக, நிலத்தின் நிறமே மாறிவிடும். எங்கு பார்த்தாலும் செக்கச்செவேல் என்று மணல். தேரி என்று சொல்வார்கள். அந்த மணலில் வரிசை வரிசையாகப் பனை மரங்கள்.

மணல், பனையோலை இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மணல்தான் நோட்டு. ஓலைதான் புத்தகம்.

இன்று சாத்தான்குளத்தில் படிக்கும் பையனுக்குக் கணக்குப் பயிற்சித் தாள் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் போதும். ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல், மறுபக்கம் முழுக்கப் பெருக்கல் என்று அச்சடித்து வாங்கி வந்துவிடலாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருக்கும். அதைப் பார்த்ததும் உங்கள் முகம் போகும் போக்கும் எனக்குத் தெரியும்! ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் 200 வருடத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. நம் ஊர் மணலைப் பார்த்து, அதைக் கடல் கடந்து கொண்டுபோன ஒரு வெள்ளைக்காரரின் கதை. அவர் பெயர் ஆண்ட்ரூ பெல்.

பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா முடி திருத்துபவர். சிறு வயதில் பெல்லுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே நடுக்கம். இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று தெரியாமல் பயந்துகொண்டேதான் தினமும் போவாராம். அந்தப் பயத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆனாலும் நன்றாகப் படித்தார். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் இயற்பியலிலும் பெயர் வாங்கினார்.

1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய், பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1781-ல் திரும்பி வரும்போது கப்பல் உடைந்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. பிறகு பாதிரியார் ஆனார். 1787-ல் கல்கத்தா போவதற்காகக் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் சென்னையில் நின்றது. இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது சென்னைக்கு மதராஸ் என்று பெயர்.

மதராஸில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இருந்தது. அதிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் இங்கேயே குடும்பம் நடத்தினார்கள். போரிலும் நோயிலும் அவர்கள் இறந்துவிட்டால் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அந்தப் பையன்களுக்காக 1789-ல் எழும்பூரில் ஓர் இல்லம் திறந்தார்கள். இன்று எழும்பூர் ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் பகுதியில்தான். இல்லத்துக்குத் தலைவராகப் பெல்லைக் கேட்டார்கள். சம்மதித்தார். அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். (படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராக இருந்ததில் அவருக்கு நிறைய வருமானம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பும்போது அவர் பெரிய பணக்காரர்.)

இல்லத்தில் ஒரு பெரிய தொல்லை. சம்பளத்துக்கு வைத்த ஆசிரியர்களுக்கு வேலையில் ஆர்வமே இல்லை. சின்னப் பையன்கள் எழுத்துகளை மாதக்கணக்கில் படித்தும் மண்டையில் ஏறவில்லை. என்ன செய்வது என்று பெல் தவித்தார்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதினார்கள், அழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். காகிதம் இல்லை, மை இல்லை, செலவும் இல்லை. பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு நேராக இல்லத்துக்கு வந்தார்.

அவர் பார்த்தது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் உண்மையான ஆசிரியர் அதுதான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வாத்தியார் இருப்பார். அவரிடம் எல்லா வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒருவரே எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும்? அதனால் நன்றாகப் படிக்கும் பெரிய பையனைச் சட்டாம்பிள்ளையாக வைத்திருப்பார். சட்டாம்பிள்ளை முதலில் ராகமாகச் சொல்வான். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். காலையில் சொன்னது மாலையில் மறுபடி. நேற்றுச் சொன்னது இன்றும் ஒருமுறை.

அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி கணக்குதான். அதற்கென்றே ஓலைச்சுவடிகள் இருந்தன. எண்களையும் பின்னங்களையும் வரிசையாகச் சொல்லித் தருவது பொன்னிலக்கம். நெல் அளக்கும் அளவுகளைச் சொல்லித் தருவது நெல்லிலக்கம். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எண்சுவடி. நிலத்தை அளக்கத் தேவையான கணக்குக்குக் குழிமாற்று. அரை, கால், அரைக்கால் என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பிள்ளைகள் அதற்கும் கீழே போனார்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு! பத்து வயதுக்குள் இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

எதற்காக இத்தனை பாடு? நெல் அளக்கும் களத்தில் நின்றுகொண்டு, யோசித்து விரல் விட்டுக்கொண்டிருக்க முடியாது. அளப்பவர் அளந்து தள்ளிக்கொண்டே இருப்பார். கணக்குத் தெரியாதவனுக்கு நஷ்டம். அதனால் சின்னக் கணக்குகள் யோசிக்காமலே வாயில் வர வேண்டும். அப்படி வந்துவிட்டால் மனசுக்குப் பெரிய கணக்கைப் பார்க்க இடம் கிடைக்கும். ஏழெட்டு எவ்வளவு என்று நீங்கள் திண்டாடிக்கொண்டிருந்தால், நீளமான பெருக்கல் கணக்கில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே மறந்துபோகும், இல்லையா?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நெல்லிலக்கக் கணக்கு. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். அப்படியானால் ஒரு கலத்துக்கு எத்தனை நாழி? தாளில் எழுதாமல் மனசிலேயே போடுங்கள் பார்ப்போம். விடை கடைசியில் இருக்கிறது. முதலில் எட்டிப் பார்க்கக் கூடாது!

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாமே இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தண்டனைகள் கடுமையாக இருந்தன. கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க விடுவதற்குக் கோதண்டம் என்று பெயர். அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. பெண் குழந்தைகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்கள்.

பெல் கதைக்கு வருவோம். மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கடைசி வகுப்பு ஆசிரியரிடம் பெல் சொன்னார். இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கன். ஒரு சிப்பாயின் மகன். எழுத்து தெரிந்தவன். சின்னப் பையன்களுக்கு மணலில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடமே விட்டார்.

ஆசிரியரால் முடியாததை அந்த எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. போன வருடம்தான் அவன் அதே பாடத்தில் திணறியிருப்பான். எங்கே தடுக்கும் என்று பெரியவரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். சில வருடங்களில் பன்னிரண்டு வயது ஃபிரிஸ்கன் வகுப்பை நடத்த, ஏழு, ஒன்பது, பதினொன்று வயதுப் பையன்கள் அவனுக்கு உதவியாளர்கள் ஆனார்கள்! நான்கைந்து வயதுக் குழந்தைகள் அவர்களிடம் படித்தார்கள்.

மெதுமெதுவாக இல்லம் முழுவதும் இந்த முறை வந்தது. பெல் வைத்த விதி ஒன்று உண்டு. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு முழுக்கப் பிடிபட்ட பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். எண்களும் இப்படித்தான். இன்று நீங்கள் போடும் பயிற்சித் தாளை எடுத்துப் பாருங்கள். முதல் தாளில் ஒன்றைக் கூட்டுவது, அடுத்த தாளில் இரண்டைக் கூட்டுவது என்று இருக்கும். அதே யோசனைதான்.

பிரம்பையும் அவர் கூடியவரை தள்ளி வைத்தார். யார் என்ன தப்பு செய்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். வாரம் ஒருமுறை பையன்களே கூடி விசாரிப்பார்கள். பள்ளிக்கு நடுங்கிக்கொண்டே போன செயின்ட் ஆண்ட்ரூஸ் பையன் செய்த ஏற்பாடு அது.

இல்லத்துப் பையன்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1792-ல் போரில் தோற்ற திப்பு சுல்தான், தன் இரண்டு மகன்களைக் கம்பெனியிடம் பிணையாக அனுப்ப வேண்டியிருந்தது. 1794-ல் அவர்களைத் திருப்பி அழைத்துப்போன குழுவில் வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயது இளைஞனும் இருந்தான். பெல்லின் மாணவன். திப்பு சுல்தான் முன்னால் அவன் அறிவியல் கருவிகளை இயக்கிச் சோதனைகள் செய்து காட்டினான். யாருமில்லாத பிள்ளைகளுக்கான இல்லத்தில் படித்தவன் அவன்!

1796-ல் பெல் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருடமே மதராஸில் தான் செய்ததை ஒரு சின்னப் புத்தகமாக எழுதி லண்டனில் வெளியிட்டார். 1798-ல் லண்டனில் ஒரு பள்ளி அந்த முறைக்கு மாறியது. அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது.

அதே 1798-ல் லண்டனின் இன்னொரு மூலையில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவரும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். புத்தகம் வாங்கப் பணம் ஏது? பாடத்தைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். ஒரு கூட்டம் படித்துவிட்டு நகர்ந்ததும் அடுத்த கூட்டம் அதே அட்டை முன்னால் வந்து நிற்கும். இப்படி ஒரே ஒரு தாளைப் பல நூறு பிள்ளைகள் படிக்கலாம். உங்கள் பயிற்சித் தாளின் தாத்தா இந்த அட்டைதான் என்று சொல்லலாம்.

கணக்குக்கும் லங்காஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். கணக்கும் அதைப் போடும் வழியும் விடையும் எழுதிய சீட்டு ஒன்று தலைமைப் பையனிடம் இருக்கும். அவன் உரக்கப் படிப்பான். மற்றவர்கள் சிலேட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். வாசிக்கத் தெரிந்த எந்தப் பையனும் கணக்குச் சொல்லித் தரலாம், அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது லங்காஸ்டருக்குப் பெருமை. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு பையன் விடை தப்பு என்றால், ஏன் தப்பு என்று கேட்க அங்கே ஆள் இல்லையே! ஃபிரிஸ்கனிடம் கேட்டிருக்கலாம். சீட்டிடம் எப்படிக் கேட்பது?

பெல்லுக்கும் லங்காஸ்டருக்கும், யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெரிய சண்டை மூண்டது. இங்கிலாந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து புத்தகமாக எழுதித் தள்ளியது. இங்கே என்ன நடந்தது தெரியுமா? 1823-ல் அன்றைய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியின் கலெக்டர் கேம்ப்பெல், உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குறைந்த செலவில் எழுதப் பழக்குவதும், படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்தப் பள்ளிகளின் சிறப்பு என்றும், இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்தது நியாயம்தான் என்றும் எழுதினார். மதராஸ் மாகாணத்தில் அப்போது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக 1826-ல் ஆளுநர் மன்றோ கணக்குக் கொடுத்தார். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த வாத்தியார்கள் எவரும் உரிமை கேட்டுச் சண்டைக்குப் போகவில்லை. அவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது!

1811-ல் தேசியச் சங்கம் என்ற அமைப்பு தொடங்கி, பெல்லின் முறையில் இங்கிலாந்து முழுவதும் பள்ளிகளைத் திறந்தது. எங்கு போனாலும் பெல்லுக்கு மரியாதை.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1805-ல் வந்த தன் புத்தகப் பதிப்பில் பெல் ஒரு கருத்து எழுதினார். ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லித்தரத் தேவையில்லை, அதிகம் படித்துவிட்டால் அவர்கள் தங்கள் நிலைமையில் திருப்தி இல்லாமல் போய்விடுவார்கள் என்பது அதன் சாரம். அநாதைப் பையனைச் சுல்தான் முன்னால் நிற்கும் அளவுக்குப் படிக்க வைத்தவர், முடி திருத்துபவரின் மகனாகப் பிறந்து படித்து முன்னேறியவர், இப்படி எழுதினார் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மணலை எடுத்துக்கொண்டவர், அந்த மணலில் முதலில் எழுதப்பட்ட கணக்கை ஏழைக்கு வேண்டாம் என்றார். நல்லவேளையாகச் சங்கத்தின் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

1816-ல் பெல் சுவிட்சர்லாந்து போனார். அங்கே பெஸ்டலோசி என்ற ஆசிரியர் வேறு மாதிரி கணக்குச் சொல்லிக்கொடுத்தார். வெறுமனே ஒப்பிக்கக் கூடாது, குழந்தை கண்ணால் பார்த்து எண்ண வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகக் கோடுகள் வரிசையாக அச்சடித்த அட்டைகள் வைத்திருந்தார். மூன்று என்று வாயால் சொல்வதற்கு முன் மூன்று கோடுகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. இன்னும் பன்னிரண்டு வருடத்தில் உலகமெல்லாம் தன் முறை வந்துவிடும், பெஸ்டலோசியை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று பெல் கணித்தார்.

நடந்தது வேறு. பெல் இறக்கும்போது அவர் முறையில் 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. ஆனால் நூறு பிள்ளைகள் கட்டளைக்குக் கட்டளை எழுந்து உட்கார்ந்து ஒப்பித்த கூடங்களில், புரியாமல் ஒப்பிப்பதே மிஞ்சியது. 1846-ல் இங்கிலாந்து அரசு, மாணவர்களுக்கு முறையாகப் பயிற்சி தந்து ஆசிரியராக்கும் புதிய திட்டம் கொண்டுவந்தது. மதராஸ் முறை மெல்ல மறைந்தது. பெஸ்டலோசியின் பெயரையோ ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா என்று ஆசையோடு கேட்பீர்கள். அதெல்லாம் நடக்காது! கோடு எண்ணிப் பார்த்துப் புரிந்துகொண்டவனுக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறு வாயில் வர, பலமுறை போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். தப்பு வந்தால் ஏன் என்று பக்கத்தில் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பயிற்சித் தாள் கிடைக்காத நாளில் வீட்டு முற்றத்து மணல் போதும். தங்கை, தம்பி இருந்தால் நீங்கள் ஃபிரிஸ்கன். அண்ணன், அக்கா இருந்தால் அவர்களைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடுங்கள்.

பெல் 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய 1,20,000 பவுன் பணத்தைக் கல்விக்காக எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதற்கு மதராஸ் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது உயர்நிலைப் பள்ளிதான். 1996-ல் நம் மதராஸ் சென்னை ஆகிவிட்டது. 2021-ல் அந்தப் பள்ளியும் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பெயரை மட்டும் மாற்றவில்லை. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்றும் காலையில் பை மாட்டிக்கொண்டு மதராஸுக்குத்தான் போகிறார்கள்!

நெல்லிலக்கக் கணக்கின் விடை: மூன்று தூணி என்றால் ஆறு பதக்கு. ஆறு பதக்கு என்றால் பன்னிரண்டு குறுணி. பன்னிரண்டு எட்டு 96. ஒரு கலத்துக்கு 96 நாழி.